வெட்கம் சுழற்றும் சக்கரம்

ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு ஜெபித்தவர், செவ்வாய் இரவு மீண்டும் அதே ஆபாசக் காணொளிகளின் முன் உட்கார்ந்திருக்கிறார். "இனி ஒருபோதும் இல்லை, ஆண்டவரே" என்று அவர் சொன்னது பொய்யல்ல. முழு மனதோடுதான் சொன்னார். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், "உன் ஜெபம் போதவில்லை" என்ற பதிலே நம் சபைகளில் பலருக்குக் கிடைக்கிறது. நான் ஜெபத்தை நம்புகிறவன். ஆனால் அந்தப் பதில் விழுந்தவரைத் தூக்கிவிடுவதில்லை, குழியைத்தான் ஆழமாக்குகிறது. ஏன் என்று தெரிய, மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் நாவில் பழச்சாறு விழுந்தபோது அவை வேகமாகத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகோ, துடிப்பு சாற்றை விட்டு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வந்த நொடியில் புதிய சலனம் எதுவும் இல்லை. டோபமைனை 'இன்பத்தின் ரசாயனம்' என்று எழுதுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். அது பெரும்பாலும் வரப்போவதை நோக்கி நம்மை இழுக்கும் விசை.

நம்மில் ஒவ்வொருவருக்கும் அந்த விளக்கு வேறு. சாத்திய கதவு, கையில் கைபேசி, இரவு பதினொன்றரை மணி. அலுவலகத்தில் பட்ட அவமானம், வீட்டில் சண்டை, செய்வதற்கு ஒன்றுமில்லாத பிற்பகல். தாவீதின் கதையை வேதம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலம். இவனோ எருசலேமில் தங்கிவிட்டான். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து மாடியில் உலாவினான். அவன் பிறகு செய்தது இச்சை மட்டுமல்ல, அதிகாரத்தின் கொடுமையும்கூட. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அத்தியாயம் முதலில் காட்டுவது ஒரு வெறுமையான மாலைப் பொழுதை.

2014-இல் கேம்பிரிட்ஜில் வலேரி வூன் குழுவினர், பாலியல் நடத்தையைக் கட்டுப்படுத்த முடியாமல் தவித்த 19 ஆண்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். காணொளிகளைக் காட்டியபோது, போதைக்கு அடிமையானவர்களிடம் போதைப்பொருளின் அடையாளங்கள் தூண்டும் அதே பகுதிகள் இவர்களிடமும் தூண்டப்பட்டன. இவர்களின் வேட்கை மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஆனால் பார்த்ததை இவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ரசிக்கவில்லை. விரும்புவதும் ரசிப்பதும் மூளையில் வேறு வேறு வழிகள். "நான் விரும்புகிறதைச் செய்யாமல், நான் வெறுக்கிறதையே செய்கிறேன்" என்று ரோமருக்கு எழுதிய பவுலின் வரியை இதன் அருகில் வைத்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அப்படியானால் அந்த நினைப்பையே அடக்கிவிட்டால்? டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் டெக்சஸில் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக்கூடாது என்றார். கரடி திரும்பத் திரும்ப வந்தது. தடையை நீக்கியதும் இன்னும் அதிகமாக வந்தது. "இச்சையே போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபிக்கிறவர், அந்த நேரமெல்லாம் இச்சையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். யோசேப்பு போத்திபாரின் வீட்டில் அப்படி நின்று போராடவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். இன்றைக்கு அந்த ஓட்டம் மிகச் சாதாரணமானது: இரவு பத்து மணிக்குக் கைபேசியைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கப் போவது.

இனி வெட்கத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போதைப் பழக்கங்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் கவனித்தது இது: உறுதிமொழி எடுத்தவர் ஒருமுறை தவறியதும், "எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்" என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொள்கிறது, ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது அந்த எண்ணமே. "தவறு செய்தேன்" என்ற குற்றவுணர்வு மனிதரைத் திருத்தக்கூடும். "நானே ஒரு தவறு" என்ற வெட்கம் ஒளிந்துகொள்ளச் சொல்கிறது. ஒளிந்தவருக்குத் தனிமை, தனிமையின் வலிக்கு அவர் மூளை அறிந்த மருந்து ஒன்றுதான். இப்படி வெட்கமே அடுத்த விளக்காகிவிடுகிறது. பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. பெண்களுக்கு இப்படி ஒரு போராட்டம் உண்டு என்பதையே சபை பேசுவதில்லை.

யாக்கோபு ஏன் "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள்" என்று எழுதினார், அதுவும் "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு" என்று? மன்னிப்புக்குத் தேவனிடம் அறிக்கையிட்டால் போதும். சொஸ்தமடைய இன்னொரு முகம் தேவைப்படுகிறது: எல்லாம் தெரிந்த பின்னும் திரும்பிக்கொள்ளாத ஒரு முகம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் வேரிலிருந்து எழுந்த மதுமீட்புக் குழுவினர் இதைத் தங்கள் ஐந்தாம் படியாக வைத்தார்கள்: கடவுளிடமும், தன்னிடமும், இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது.

ஓர் எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில், கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தையைத் தூண்டல் கட்டுப்பாட்டுக் கோளாறாகச் சேர்த்திருக்கிறது. அது ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, வாழ்க்கையைச் சிதைத்தால்தான் நோய். ஒழுக்கம் சார்ந்த மனவேதனை மட்டும் இருந்தால் அது இந்த நோயல்ல. எப்போதாவது இடறி அழும் இளைஞனுக்கு 'அடிமை' என்று பட்டம் சூட்டாதீர்கள். பாவம் என்பது வேறு, நோய் என்பது வேறு. பார்க்கின்சன் நோய்க்கான சில மருந்துகள்கூட இப்படியொரு வேட்கையைக் கிளப்பிவிடும். அந்த மருந்தை எடுப்பவர் போக வேண்டியது மருத்துவரிடம். நீடித்த தவிப்புக்கு மனநல மருத்துவரை நாடுவதும் அவிசுவாசமல்ல.

21 நாள் உபவாசம் முடிந்தும் இழுக்கிறதே என்று கலங்குகிறவர்கள் உண்டு. லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், சாதாரணமான ஒரு புதிய பழக்கம் தானாக நிகழ்வதற்கே சராசரியாக 66 நாள்கள் ஆயின. பழைய பாதையும் அழிவதில்லை. மணி ஒலித்தால் உணவு வரும் என்று பழகியிருந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் நாய்கள், உணவில்லாமல் மணி மட்டும் ஒலித்தபோது அதை மறந்ததுபோல் தெரிந்தன; சிறிது ஓய்வுக்குப் பின் மணி ஒலித்ததும் அவற்றுக்கு மறுபடி எச்சில் ஊறியது. ஐம்பதாம் நாள் சறுக்கினால், முந்தைய 49 நாளில் கற்றது அழிந்துவிட்டது என்று பொருளல்ல. அந்த இரவில் எல்லாம் அடுத்த பத்து நிமிடத்தில் இருக்கிறது: வெட்கம் வேலையைத் தொடங்குமுன் நம்பிக்கையான ஒருவரை அழைத்து, "அண்ணா, விழுந்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்த அண்ணன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "சரி தம்பி, இன்று சாயங்காலம் என்ன நடந்தது?"