மனைவியை இழந்த கணவர் அழாமல் இருந்தால்…

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பெரும் நிலக்கிழார் தாமஸ் கிரகாம். 1748இல் பிறந்தவர். நிலபுலன், குதிரை, வேட்டை, கிரிக்கெட் என்று வாழ்ந்தவர். நாற்பது வயது தாண்டும்வரை பட்டாளத்துப் பக்கமே போனதில்லை. 1774இல் கேத்கார்ட் பிரபுவின் மகள் மேரியை மணந்தார். ஆங்கிலேய ஓவியர் கெய்ன்ஸ்பரோ தீட்டிய மேரியின் முழுவுருவ ஓவியம் இன்றும் புகழ்பெற்றது. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

மேரிக்குக் காசநோய் வந்தது. மருந்து இல்லாத காலம். வெயிலும் கடற்காற்றும் உள்ள ஊருக்குப் போவதுதான் வைத்தியம். தென் பிரான்சுக்கு அழைத்துப் போனார். 1792 ஜூனில், அங்கே கடற்கரையோரம், கப்பலிலேயே, 35 வயதில் மேரியின் உயிர் பிரிந்தது. உடலைக் கொண்டுவரும் வழியில், துலூஸ் அருகே, குடித்திருந்த பிரெஞ்சுப் புரட்சிப் படையினர் சோதனை என்ற பெயரில் சவப்பெட்டியை உடைத்துத் திறந்தார்கள். அந்த அவமானத்தையும் அவர் தாங்கவேண்டியிருந்தது.

மறு ஆண்டே, பிரான்சின் தூலோன் துறைமுகப் போர்முனையில், பிரிட்டிஷ் படையோடு தன்னார்வலராக நின்றார். 1794இல் பெர்த்ஷயர் ஆட்களைத் திரட்டி 90ஆவது காலாட்படைப் பிரிவை உருவாக்கினார். 1811இல் ஸ்பெயினின் பரோசாவில் பிரெஞ்சுப் படையை வென்றபோது வயது 62. 1814இல் லைன்டாக் பிரபு ஆனார். 1843இல், 95 வயதில் இறந்தார். மறுமணம் செய்யவில்லை. மேரியின் ஓவியத்தைக் கண்ணில் படாதபடி எடுத்துவைத்தவர், கடைசிவரை அதைத் திரும்பப் பார்க்கவில்லை என்பார்கள்.

துக்கத்தை வீரமாக்கியவர் என்று இவரைப் புகழ்வது வழக்கம். மனநல மருத்துவராக எனக்கு அந்தப் புகழ்ச்சி கவலை தருகிறது. 250 ஆண்டுகளுக்கும் முன் பிறந்த ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்ட நான் வரவில்லை. ஆனால் ஓயாத வேலையும், ஆபத்தைத் தேடிப் போவதும், படத்தை மறைத்துவைப்பதும் என் அறைக்கு வரும் குடும்பங்கள் சொல்லும் விஷயங்கள்தான். "அம்மா போனதிலிருந்து அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை டாக்டர், ரொம்பத் தைரியமா இருக்கார்" என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். அப்பாவிடம் தனியாகப் பேசினால், இரவில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்பார். சிலர் குடிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

எல்லோரும் அழவேண்டும் என்பதில்லை. வேலையில் ஆறுதல் காண்பதும் தவறில்லை. மாலை போட்ட படத்தைக் கூடத்தில் மாட்டுவதா, வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அதைவைத்து அன்பை அளக்காதீர்கள். ஆனால் ஆறு மாதம் கடந்தும் ஏக்கமோ வெறுமையோ அன்றாட வாழ்வை முடக்கினால், அந்தக் குடும்பத்தின் வழக்கத்தையும் மீறி நீடித்தால், அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. பேச்சு சிகிச்சை பலன் தருகிறது.

காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகுதான் அவருக்கு நீங்கள் தேவை. அம்மாவின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். "ராத்திரி தூங்குறீங்களாப்பா?" என்று கேளுங்கள். "நானும் போயிடலாம்னு தோணுது" என்றால், வயசானவர் பேச்சு என்று தள்ளிவிடாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.