தகரக் கூரைக்குக் கீழே 27 பாகையா?

இந்த மாதத்தில் எரிந்து என்னிடம் வந்ததில் இது மூன்றாவது. நிலாவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் சோலார் பம்பின் கொன்ட்ரோலர். மொஸ்பெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிலிக்கன் ஸ்விட்ச்) வெடித்து, போர்ட் கருகி, பெட்டியைத் திறந்ததுமே அந்த மணம். செய்து கொடுத்த தம்பி படித்தவன், கெட்டிக்காரன். ஆனால் அவன் முதலில் காட்டியது கருகிய போர்டை அல்ல, லப்டொப்பை. "சிமியுலேஷன்ல எல்லாம் சரியாத்தான் வந்தது அண்ணா."

வரத்தான் செய்யும். மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் வகை மென்பொருள்களில் நீங்கள் எதையும் தொடாவிட்டால் வெப்பநிலை 27 பாகை செல்சியஸ். திருகோணமலையில் ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது 27 பாகைக்கு எங்கே போவது? விடியப்புறம் கடற்கரையில் கிடைத்தால் உண்டு.

இதைச் சொன்னதும் 35 என்று மாற்றி மறுபடி ஓட்டினான். "இப்ப சரிதானே, ஊர் வெக்கை இவ்வளவுதானே?"

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மென்பொருள் அந்த இடத்தில் கேட்பது வானிலை அறிக்கையில் வரும் எண்ணை அல்ல, மொஸ்பெட்டுக்குள் இருக்கும் சிலிக்கன் துண்டின் சூட்டை. வழக்கமான ஸ்பைஸ் மாடல், அதாவது ஓர் உறுப்பு எப்படி நடக்கும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் விவரம், எத்தனை வாட் வீணாகிறது என்று சொல்லும். அந்த வாட்டால் உறுப்பைச் சூடாக்காது. 35 என்று எழுதினால், 20 அம்பியர் ஓடினாலும் 200 ஓடினாலும் அது 35இலேயே உட்கார்ந்திருக்கும். தானாகச் சூடேறும் மாடல்களையும் சில தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். அவன் எடுத்தது அதுவல்ல. அப்படியானால் சூட்டைக் கணக்கிட்டுத் திரும்ப ஊட்ட வேண்டியது நீங்கள்தான்.

அவனுடைய பெட்டியையே எடுப்போம். தகரக் கொட்டில், காற்றுப் புகாத பெட்டி. மத்தியானம் உள்ளே அளந்தேன்: 58. கன்னியா வெந்நீரே இதைவிடக் குளிர்ச்சி. மொஸ்பெட்டின் தடை 10 மில்லி ஓம், ஓடுவது 20 அம்பியர். அம்பியரை அம்பியரால் பெருக்கி, தடையாலும் பெருக்கினால் 4 வாட் வீண். அவன் போட்ட குட்டி ஹீட்சிங்க்குடன் (சூட்டை வெளியே விடும் உலோகத் துண்டு) வாட்டுக்கு 12 பாகை ஏறும். 48 கூடி 106. அத்தோடு முடிந்ததா? 106இல் அந்த 10 மில்லி ஓம் 15 ஆகிவிடுகிறது. தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில் வளைகோடே போட்டிருக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள்! இப்போது 6 வாட், 130 பாகை. தடை இன்னும் ஏறும். இப்படியே சுற்றிச் சுற்றி 140ஐத் தாண்டித்தான் நிற்கிறது. அதற்கு எழுதிய வரம்பு 150. ஒவ்வொரு தடவையும் திறந்து மூடும்போது வீணாகும் ஸ்விட்ச்சிங் இழப்பை நான் இன்னும் சேர்க்கவேயில்லை.

முந்திய இருவரில் ஒருவர், 25 முதல் 125 பாகை வரை ஓட்டிப் பார்த்து, வரைபடத்தில் கோடு அசையவில்லை என்று சந்தோஷப்பட்டவர். மொஸ்பெட்டுக்குப் பதிலாக மென்பொருளின் வெறும் ஸ்விட்ச்சை வைத்திருந்தார். அதன் தடை எந்தச் சூட்டிலும் மாறாது. ரெசிஸ்டரும் அப்படித்தான், வெப்பநிலைக் குணகத்தை நீங்கள் எழுதாவிட்டால் சுழியம். உண்மையான செம்புக் கம்பியோ பாகைக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 20இலிருந்து 70க்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். கோடு நேராக வந்தால் முதலில் மாடலைச் சந்தேகப்படுங்கள்.

சோலார் பனலும் இதே கதை. பின்னால் ஒட்டியிருக்கும் வாட், செல் 25 பாகையில் இருக்கும்போது வருவது. உச்சி வெயிலில் செல் 65ஐத் தொடும். பாகைக்கு 0.35 சதவீதம் என்று வைத்தாலும் 14 சதவீதம் போய்விட்டது. அதையும் 25இலேயே வைத்து ஓட்டிவிட்டு, "பம்ப் இழுக்குதில்லை" என்று வருகிறார்கள்.

பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூட்டிலிருந்து தொடங்குங்கள். இழப்பு, சூடு, தடை, மறுபடி இழப்பு என்று எண் நிற்கும்வரை சுற்றுங்கள். நாலைந்து தடவை போதும். எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரை ஹீட்சிங்க்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், 10 பாகை கூடினால் அதன் ஆயுள் பாதி.

அப்புறம் தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். போர்டைப் பொருத்துவதற்கு முதல் ஒருநாள் மத்தியானம் 2 மணிக்கு அந்தக் கொட்டிலுக்குள் ஒரு தெர்மோமீட்டரை வைத்துவிட்டு வாருங்கள். அந்த எண்ணோடு வந்தால் நானும் கூட இருந்து ஓட்டிப் பார்க்கிறேன். வெறும் லப்டொப்போடு வராதீர்கள்.