தட்டில் வளரும் மூளைத் திசு: முதல் 15 நாள்

கருத்தரித்து நான்கு வாரம் முடியும்போது கருவின் நரம்புக் குழல் (பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழாய்) மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பமே உறுதியாகியிருக்காது. அந்தக் கட்டத்தை வயிற்றுக்குள் பார்க்க வழியில்லை. 2013இல் வியன்னாவில் மேட்லின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்ளிக்கும் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து மூளை ஆர்கனாய்டு, அதாவது மூளைத் திசுவின் சிறு முப்பரிமாண மாதிரி, வளர்த்ததன் அருமை இதில்தான் இருக்கிறது.

செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, செல் ஒட்டாத 96 குழித் தட்டில் குழிக்கு சுமார் 9,000 வீதம் விடுவார்கள். அவை ஒன்றுகூடி உருண்டையாகும். தனித்து விடப்பட்ட மனித ஸ்டெம் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். அதைத் தடுக்க ராக் தடுப்பானை (ராக் என்ற நொதியை முடக்கும் மருந்து) முதல் நாளிலேயே சேர்க்க வேண்டும். நான்காம் நாள் அதை நிறுத்திவிடலாம். ஆறாம் நாள் வாக்கில் உருண்டை அரை மில்லிமீட்டரை எட்டி, ஓரம் வழுவழுப்பாகப் பளிச்சென்று தெரிந்தால் நரம்புத் தூண்டல் ஊடகத்துக்கு (செல்களை நரம்புத் திசுவாக மாறத் தூண்டும் வளர்ப்புத் திரவம்) மாற்றலாம். ஓரம் மங்கி, செல்கள் உதிர்ந்துகொண்டிருந்தால் அந்தத் தொகுதியைக் கைவிடுவதே நல்லது. பெரும்பாலும் தொடக்க ஸ்டெம் செல்களே ஏற்கெனவே வேறு வகைச் செல்களாகப் பாதி மாறிப்போயிருக்கும்.

11ஆம் நாள் ஒவ்வொரு உருண்டையையும் 30 மைக்ரோலிட்டர் மேட்ரிஜெல் துளிக்குள் பதிப்பார்கள். எலிக் கட்டியிலிருந்து எடுக்கும் இந்தக் கூழ் பனிக்கட்டி மேல் நீராக இருக்கும், 37 டிகிரியில் உறையும். அறைச் சூட்டில் தாமதித்தால் பிப்பெட் முனையிலேயே கெட்டியாகிவிடும். கூழின் தாங்குதலில்தான் திசு மொட்டு விட்டு உப்புகிறது. நான்கு நாள் அசைக்காமல் வைத்துவிட்டு, பிறகு ஊடகத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் குடுவைக்கு மாற்றுவார்கள்.

மொட்டுகளுக்குள் திரவம் நிறைந்த அறைகள் உண்டாகும். நரம்பு செல்களைப் பிறப்பிக்கும் முன்னோடி செல்கள் அறைச் சுவரில் நின்று பிரிய, பிறக்கும் நரம்பு செல்கள் வெளிப்புறம் நகரும். கருவின் மூளையிலும் இதே ஒழுங்குதான். சிடிகே5ராப்2 என்ற மரபணு பழுதாகி, மூளையும் தலையும் சிறுத்துப் பிறந்த சிறுதலை நோயாளியின் செல்களிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்தபோது, முன்னோடிகள் பெருகுவதற்கு முன்பே நரம்பு செல்லாகிவிட்டன, திசு சிறுத்தது. எலிகளில் இந்நோய் இவ்வளவு கடுமையாகத் தெரிந்ததில்லை.

இதைக் குட்டி மூளை என்று அழைப்பது தவறு. இரத்தக் குழாய் இல்லாததால் வெளியிலிருந்து ஊறிவரும் ஆக்சிஜன் நடுப்பகுதியை எட்டாது. சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே உள்ளே செல்கள் மடியும். ஒரே தட்டில் வளர்ந்த இரண்டு ஆர்கனாய்டுகள்கூட ஒரே அமைப்பில் இராது. அழுகும் நடுவைத் தவிர்க்க, 300 மைக்ரோமீட்டர் சீவல்களாக வெட்டி, அடியில் ஊடகமும் மேலே காற்றும் படும்படி வளர்க்கும் முறை 2019இல் வந்தது. அப்படி வைத்த சீவல்களில் நரம்பிழைகள் கற்றைகளாக நீள்கின்றன.