தாவா: சொல்லும் பொருளும்

"நோட்டை வச்சு தாவா போட்டுட்டான்" என்று ஊரில் சொல்வார்கள். கொடுத்த கடன் வராததால் புரோநோட்டைக் காட்டி முன்சீப் கோர்ட்டில் வழக்குத் தொடுத்துவிட்டான் என்று பொருள். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு ஆகியவையும் தாவாதான். கொலை, களவு வழக்குகளை அப்படிச் சொல்வதில்லை.

சொல் அரபியிலிருந்து வந்தது. அங்கே 'தஅவா' என்றால் உரிமை கோருதல். 'அழைத்தல்' என்னும் வேரிலிருந்து பிறந்தது. மார்க்கத்துக்கு அழைக்கும் பணியைத் தமிழ் முஸ்லிம்கள் தாவா என்பதும் அந்த வேர்தான். பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில் வக்கீல், அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வருபவர்), ஜப்தி எல்லாம் வந்த வழியில் இதுவும் வந்தது.

தமிழில் இதற்கு நேரான சொல் வழக்கு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்கும் பகுதிக்குப் பெயரே வழக்குரை காதை. வாதி தாக்கல் செய்யும் மனுவை, அதாவது பிராதை, இன்றும் சட்டத்தமிழில் வழக்குரை என்கிறோம். அந்தத் தொடர்ச்சி எனக்குப் பெருமையாக இருக்கிறது. தாவா சொத்து என்பதை வழக்குச் சொத்து என்றும், தாவாத் தொகையை வழக்குத் தொகை என்றும் எழுதலாம். கோர்ட் நோட்டீஸில் 'அ.வ.எண்' என்று இருக்கும். அசல் வழக்கு எண். அசலும் அரபிதான், மூல வழக்கு என்றும் எழுதலாம்.

பழகிய சொல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியவில்லை. இந்த வழக்குகளில் நாள் கணக்கு முக்கியம், சொல் புரியாவிட்டால் நஷ்டம். கேட்டவுடன் தரவேண்டிய கடன் நோட்டுக்கு, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, எழுதிய தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் கொஞ்சம் வட்டி கட்டி, நோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருஷம். கடன் வாங்கியவருக்குச் சம்மன் வரும். அதில் உள்ளது புரியாமல் மடித்து அலமாரியில் வைத்துவிட்டால், அவர் இல்லாமலே ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடும். அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். சம்மன் சரியாகச் சேராதவருக்கு மட்டும் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு. அப்புறம் அமீனா வாசலில் வந்து நிற்பார்.

"மேற்படி தாவாவில் தாங்கள் ஆஜராகத் தவறினால்" என்று எழுதுகிற இடத்தில், "உங்கள் மேல் கடன் வழக்குப் போட்டிருக்கிறார்கள், இந்தத் தேதியில் நீங்கள் வராவிட்டால், நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும்" என்று எழுதினால் போதும்.