ஈரத்தில் இறுகும் பிசின்

"ஜப்பானில் உடைந்த கோப்பையைத் தங்கத்தால் ஒட்டுகிறார்களே, தங்கத்தை உருக்கியா ஊற்றுகிறார்கள்? கோப்பை வெடித்துவிடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

கின்சுகி என்ற அந்தக் கைவேலையில் தங்கம் எதையும் ஒட்டுவதில்லை. கடைசியில் தூவும் பொடி அது. ஒட்டுவது உருஷி என்ற மரப்பால். கோதுமை மாவோடு அதைக் குழைத்து உடைந்த விளிம்புகளில் தடவிச் சேர்ப்பார்கள். சில்லு போன இடத்தை மண்பொடி கலந்த உருஷியைக் கொண்டு அடைத்துத் தேய்ப்பார்கள். அப்புறம் மேலே மெல்லிய கோடு இழுத்து, பிசுபிசுப்பு போவதற்குள் தங்கப்பொடி. கின்சுகி என்றதுமே தழும்பின் அழகு, உடைந்த மனசு என்று பலரும் தத்துவம் பேசக் கிளம்பிவிடுகிறார்கள். ஜப்பானுக்குப் போகாமலே அந்த ஊர்ச் சாமான்களை ரசித்துக் கிடக்கும் எனக்கு அந்தப் பசைமேல்தான் கண்.

ஐப்பசி மழையில் வீட்டுக்குள் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. உருஷிக்கு அந்த மாதிரி அறைதான் வேண்டும். பூசிய கிண்ணத்தை யாரும் வெயிலில் வைப்பதில்லை. உட்புறம் ஈரமாக்கிய மரப்பெட்டிக்குள் வைத்து மூடுவார்கள். ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம், வெப்பம் 20, 25 டிகிரி. வறண்ட காற்றில் விட்டால் நாள்கணக்கில் கையில் ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

ஏனென்றால் உருஷி உண்மையில் காய்வதில்லை. சுவருக்கு அடிக்கும் பெயின்ட் காய்வது அதிலுள்ள நீர் ஆவியாகிப் போவதால். உருஷியில் நடப்பது வேதிவினை. மரப்பாலில் பாதிக்கு மேல் உருஷியால் என்ற எண்ணெய். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் மிதக்கின்றன. அந்தத் துளிகளில் லாக்கேஸ் என்ற நொதி, ஒரு சதவீதம்கூட இருக்காது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு செம்பு அணுக்கள். ஒரு செம்பு வாசலில் நின்று உருஷியாலிடமிருந்து எலக்ட்ரானை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது. பிடுங்கியதை உள்ளே கூடியிருக்கும் மற்ற மூன்று செம்புகளிடம் தள்ளிவிடுகிறது. அங்கே காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன் சிக்கியிருக்கிறது. நான்கு எலக்ட்ரான் சேர்ந்ததும் ஆக்சிஜன் இரண்டு நீர் மூலக்கூறுகளாக வெளியேறுகிறது. வழியில் ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி அரைகுறைச் சரக்கு எதுவும் சிந்துவதில்லை. செம்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த சுற்றுக்குத் தயார். என்ன சுத்தமான வேலை!

எலக்ட்ரானைப் பறிகொடுத்த உருஷியால் சும்மா இருக்குமா? பக்கத்திலிருப்பதைப் பற்றிக்கொள்கிறது. இப்படிக் கைகோத்துப் பெரிய வலையாகிறது. உருஷியால் மூலக்கூறுகளின் நீண்ட வால்கள் மாதக்கணக்கில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து வலையை இன்னும் இறுக்குகின்றன. இதற்கெல்லாம் தொடக்கம் அந்த நொதி. துளியிலுள்ள நீர் வற்றிவிட்டால் அது முடங்கிவிடும். பெட்டியில் ஈரம் வைப்பது இதற்காகத்தான்.

இறுகிய உருஷியை அமிலம், காரம், ஆல்கஹால் எதுவும் எளிதில் அசைக்காது. 1873 வியன்னா கண்காட்சிக்குப் போய்த் திரும்பிய பொருள்களோடு 1874இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் ஜப்பானின் இசு தீபகற்பத்தருகே மூழ்கியது. மாதக்கணக்கில் கடலடியில் கிடந்துவிட்டு வந்த உருஷிப் பாத்திரங்கள் கெடாமல் இருந்தன. வெயில் மட்டும் ஆகாது. புறஊதாக் கதிர் பளபளப்பைத் தின்றுவிடும்.

லாக்கேஸை 1883இல் கண்டறிந்தவர் ஜப்பானிய வேதியியலாளர் ஹிகொரொகுரோ யோஷிதா. உள்ளூர்க் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசிவந்த மரப்பாலை எடுத்து அவர் ஆராய்ந்தார். இன்று பூஞ்சைகளிலிருந்து எடுக்கும் லாக்கேஸ் ஜீன்ஸ் துணியின் நீலத்தை வெளுக்க உதவுகிறது. 'இதனால் என்ன பயன்?' என்ற கட்டத்தை நிரப்பினால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் என்று சொல்கிறவர்களிடம் யோஷிதா என்ன எழுதிக் கொடுத்திருப்பார்? ஜீன்ஸ் என்றா?

உருஷி மரம் நம் மா, முந்திரி, சேராங்கொட்டைக் குடும்பம். வண்ணார்கள் துணியில் அழியாத குறி போட்டது சேராங்கொட்டைச் சாற்றால்தான். அதிலும் உருஷியாலின் உறவுக்காரப் பொருள்களே இருக்கின்றன. சேரா மரத்தடிக்குப் போனால் காத்து கருப்பு அடித்து உடம்பு தடிக்கும் என்பார் என் பாட்டி. அடிப்பது அந்த எண்ணெய்தான். தோலில் பட்டால் நம் எதிர்ப்புச் சக்தியே கிளம்பி அரிப்பும் கொப்புளமுமாக ஆக்கிவிடும்.

எனவே அந்த வாசகிக்கு: ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கின்சுகி பெட்டிகள் பலவற்றில் எபாக்ஸிப் பசையும் தங்கநிறப் பொடியும்தான் இருக்கும். அதில் ஒட்டிய கோப்பையை அலமாரியில் வையுங்கள், டீ குடிக்க வேண்டாம். அசல் உருஷியே வாங்கினால் கையுறை இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.