சாதி நாய்க்கு மட்டுமா மனிதரைப் புரியும்?

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் வளர்த்த நாய்களை இறக்கிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறேன். சென்ற வாரம் ஏலத்தோட்டக்காரர் ஒருவர் தம் ஒன்றரை வயது லாப்ரடாரைக் கால்நடை மருத்துவரான என்னிடம் கொண்டுவந்து, "சாதி நாயின்னு சொல்லித்தான் சார் கொடுத்தாங்க. சொல்றது ஒண்ணுமே புரிய மாட்டேங்குது, எங்கயாவது விட்டுறலாமா?" என்று கேட்டார். இதே கேள்வியை இனியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

மனிதரின் சைகையை அறியும் திறனில் மரபணுவுக்குப் பங்குண்டு என்பது உண்மைதான். வில்லியம்ஸ் நோய்க்குறி என்ற பிறவி மரபணுக் கோளாறுள்ள மனிதர்கள் அந்நியரிடமும் அளவுகடந்த அன்போடு பழகுவார்கள். அவர்களிடம் விடுபட்டிருக்கும் மரபணுப் பகுதிக்கு இணையான பகுதியில் நாய்களிடம் காணப்படும் மாற்றங்கள், அவை மனிதரை நாடிவரும் இயல்போடு தொடர்புடையவை என 2017ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 2021இல் அரிசோனா பல்கலைக்கழகத்தார், விரல் நீட்டிய பக்கம் போவதிலும் மனித முகத்தை நோக்குவதிலும் 375 குட்டிகளைச் சோதித்து, அவற்றுக்கிடையே கண்ட வேறுபாட்டில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மரபுவழிப்பட்டது என்றனர்.

மரபணு என்றதும் சாதி என்று பொருள்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு. அந்த 375 குட்டிகளும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், அவற்றின் கலப்பு ஆகியவைதாம். அதாவது, இந்த இரண்டு சாதிகளுக்குள்ளேயே குட்டிக்குக் குட்டி அவ்வளவு வேறுபாடு இருந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், தனித்தனி நாய்களின் குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் யாரும் பழக்காத தெருநாய்களிடம் விரல் நீட்டிப் பார்த்தபோது, அருகே வந்தவற்றில் சுமார் 80 விழுக்காடு சரியான பக்கம் போயின. பெருந்தொகை கொடுத்து நீங்கள் வாங்கிவரும் திறன் உங்கள் தெருமுனை நாட்டு நாயிடமும் இருக்கிறது.

அந்த லாப்ரடாருக்கு நான் பிஸ்கட் இருந்த பக்கம் விரலைக் காட்டினேன். அது முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கி, கண்ணின் வெள்ளை தெரிய என் கையையே ஓரப்பார்வை பார்த்தது. அதைக் கீழ்ப்படியாமை என்று அவர் நினைத்திருந்தார். எனக்குத் தெரிந்தது அப்பட்டமான அச்சம். விசாரித்தால், ஒரு மாதக் குட்டியாக வாங்கி, அன்றுமுதல் மோட்டார் கொட்டகையில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். மனிதரோடு பழகவேண்டிய பருவம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ பதினான்காம் வாரத்தில் முடிந்துவிடுகிறது. அப்போது மனித முகங்களையே பாராமல் வளர்ந்த குட்டிக்கு எந்த மரபணு கைகொடுக்கும்?

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் விற்பனை விதிகளின்படி குற்றம், தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கிய குட்டியைச் சங்கிலியில் போடாமல், வீட்டாரிடமும் குழந்தைகளிடமும் வந்துபோகிறவர்களிடமும் தினமும் பழகவிடுங்கள். தடுப்பூசியைக் காரணம் காட்டி மாதக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டாம். தடுப்பூசி முடியும்வரை கையில் தூக்கிக்கொண்டு வெளியே போகலாம். உதட்டை நக்குகிற, உடல் விறைக்கிற நாயை அதட்டாமல் விலகி நில்லுங்கள், குழந்தையையும் விலக்குங்கள். வளர்ந்த நாயையும் பழக்கலாம், பொறுமைதான் கூடுதலாக வேண்டும். முடியவில்லை என்றால் என்னைப் போன்ற கால்நடை மருத்துவரிடம் கொண்டுவாருங்கள், மலைப்பாதையில் இறக்கிவிடாதீர்கள்.