மீனெண்ணெய்க் குளிசையும் மலைப்பாதை நடையும்

ஹட்டனில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உடம்பு கூடிவிட்டது, பிரஷரும் இருக்கிறது. நடக்க நேரமில்லை. பார்மசியில் விற்கும் மீனெண்ணெய்க் குளிசையைத் தினமும் போட்டால் இருதயத்துக்குப் போதாதா?" கொழுந்துக்கூடையோடு மலையேறியவர்களின் பிள்ளைகள் பலர் இன்று உட்கார்ந்தே வேலை பார்க்கும் மலையகத்தில், இது அவர் ஒருவருடைய கேள்வி மட்டுமன்று.

போதாது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் முடிவு வெளியான 'வைட்டல்' ஆய்வில், மீனெண்ணெயிலுள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பைத் தினமும் 1 கிராம் எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களுக்கும் இடையே மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றின் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. விற்றமின் டி கொடுத்துப் பார்த்தபோதும் அப்படியே.

நடை செய்யும் வேலை வேறு. நாடியின் உட்சுவரை ஒரேயொரு கல அடுக்கு மூடியிருக்கிறது. ஏற்றத்தில் கால் வைத்ததும் இருதயம் விரைந்து துடிக்க, குருதி அச்சுவரை உரசிக்கொண்டு பாய்கிறது; கலங்களின் மேலுள்ள நுண்ணிய சர்க்கரை இழைகள் ஓடைநீரில் பாசி சாய்வதுபோல் சாய்கின்றன. அந்த இழுவையை உணரும் கலம் நொதியம் ஒன்றைத் தூண்டி, ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவை உண்டாக்குகிறது. ஒரு நைதரசன் அணு, ஓர் ஒட்சிசன் அணு, அவ்வளவுதான் அம்மூலக்கூறு. சில வினாடிகளே நிலைக்கும் அது, அதற்குள் அடுத்துள்ள தசைக் கலத்தினுள் ஊடுருவி, அதன் இறுக்கத்தைத் தளர்த்தி, நாடியை விரித்துவிடுகிறது. இத்தனை சிறிய பொருளுக்கு இத்தனை பெரிய பொறுப்பா என்று ஒவ்வொரு முறையும் நான் வியக்கிறேன். இதை வெளிக்கொணர்ந்த பேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையும் இவ்வாயுவின் மூலமே வேலை செய்கிறது. ஆனால் அதன் பலன் சிறிது நேரத்துக்குத்தான். தொடர்ந்து நடப்பவரின் நாடிச் சுவரோ அந்த நொதியத்தையே கூடுதலாக உண்டாக்கத் தொடங்குகிறது.

வயிற்றினுள் கொழுப்பு சேரும்போது அழற்சி கூடி, அதில் உருவாகும் ஒட்சிசன் மூலிகங்கள் (எதனோடும் சட்டென்று தாக்கமுறும் ஒட்சிசன் துணிக்கைகள்) இந்த வாயுவைப் பிறந்த இடத்திலேயே அழிக்கின்றன. பருமன் உள்ளவரின் நாடி விரியத் தயங்குவதற்கு இது முக்கிய காரணம். எடை குறையாதபோதும் உடற்பயிற்சியால் அந்நிலை சீரடையக்கூடும் என்பதை, தராசைப் பார்த்துச் சோர்ந்து நடையை நிறுத்திவிடுபவர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஆர்ஜினைனையே விழுங்கினால் என்ன? மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றின் முடிவு 2006இல் வெளியானது. நாடிகள் இளகவில்லை, ஆர்ஜினைன் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தனர், மற்றக் குழுவில் ஒருவரும் இறக்கவில்லை. புதிதாக ஆட்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

குளிசைக்கு விளம்பரம் செய்ய நிறுவனங்கள் உண்டு, நடைக்கு எவருமில்லை. ஆகவே தோட்டத்து மக்களின் இருதய நலன் பற்றிய ஆய்வுகளுக்கு அரசுதான் நிதி ஒதுக்க வேண்டும்.

வாசகருக்கு: வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில் நடந்தால் நல்லது. கடைக்கு வரும்போது ஒரு தரிப்பிடம் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கித் தொடங்கலாம். ஏற்றத்தில் நெஞ்சு இறுகினால் உடனே நின்றுவிட்டு, மருத்துவரைப் பார்த்த பிறகே தொடருங்கள். பிரஷர் மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.